திரையில் விரியும் களம்

நுழையும்முன்

விளையாட்டு வீரர் ஒருவரை உலகம் அறிவதற்கு ஒரு காலத்தில் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் வேண்டியிருந்தன. இன்று ஒரு கைப்பேசி போதும் என்கின்றனர். பனிமலைச் சரிவு முதல் கடலூர்க் கால்பந்துத் திடல் வரை, சமூக ஊடகம் வீரரையும் புரவலரையும் எவ்வாறு இணைக்கிறது, எங்கே இணைக்கத் தவறுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பனி காணாத ஊரில்

சிதம்பரம் கீழவீதியில் நிற்கும் மாணவர் ஒருவரோ, கடலூர்த் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் அலை பார்க்கும் மாணவி ஒருவரோ பனி பொழிவதை நேரில் கண்டிருப்பது அரிது. பனிச்சறுக்கு நடைபெறும் ஆலி, குல்மார்க் போன்ற இமயமலைச் சரிவுகள் அவர்களிடமிருந்து ஏறத்தாழ 2000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. ஆயினும், மலையுச்சியிலிருந்து ஒருவர் சறுக்கிப் பாயும் காட்சி அவர்களுடைய உள்ளங்கைத் திரையில் நாள்தோறும் விரிகிறது. சறுக்குக் கட்டைகளைத் தொட்டுப் பாராதவர்கள்கூட அவ்விளையாட்டின் சுவைஞர்கள் ஆகிவிட்டனர். இந்தச் சுவைஞர்கள்தாம் இன்று விளம்பர நிறுவனங்களின் கணக்கில் இடம்பெறுகின்றனர்.

புரவலரும் விதியும்

பனிச்சறுக்கு செலவு மிகுந்த விளையாட்டு. கருவிகள், பயணம், பயிற்சியாளர் ஊதியம், பனி உள்ள நாடுகளில் தங்கும் செலவு என அனைத்தும் பணத்தையே கேட்கும். எனவே, புரவலர் இன்றி வீரர் இல்லை. ஆனால், புரவலரை ஏற்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலமும் உண்டு. 1972 ஆம் ஆண்டு ஜப்பானின் சப்போரோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றது. வணிக நிறுவனங்களின் விளம்பரத்திற்குத் தம் பெயரையும் படத்தையும் பயன்படுத்த இடமளித்தார் என்று கூறி, ஆஸ்திரிய வீரர் கார்ல் ஷ்ரான்ஸ் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் வியன்னா திரும்பியபோது, பெருந்திரளான மக்கள் வீதிகளில் கூடி வரவேற்றனர். பொருள் பெறாமல் ஆடுபவரே தூய வீரர் என்னும் விதி, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே எளிதாக இருந்தது. பிற்காலத்தில் அது தளர்ந்தது.

அக்காலத்தில் பனிச்சறுக்கைப் பரப்பியது திரைப்படம். அமெரிக்கரான வாரன் மில்லர் 1950 ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி, பல்லாண்டுகள் பனிச்சறுக்குப் படங்களை எடுத்து அரங்குகளில் காட்டினார். எந்த வீரர் படத்தில் தோன்றுவார் என்பதை இயக்குநர் முடிவு செய்தார். எந்த வீரருக்குப் பணம் என்பதை நிறுவனம் முடிவு செய்தது. வீரர் கையில் இருந்தவை சறுக்குக் கட்டைகள் மட்டுமே.

தலைக்கவசத்தில் ஒரு கண்

கோப்ரோ நிறுவனத்தின் முதல் ஒளிப்படக் கருவி 2004 இல் வெளிவந்தது. 2005 இல் யூடியூபும் 2010 இல் இன்ஸ்டகிராமும் தோன்றின. இம்மூன்றும் சேர்ந்து இயக்குநரின் இடத்தில் வீரரை அமர்த்தின. பிரெஞ்சு வீரர் காண்டிட் தோவே தம் தலைக்கவசத்தில் பொருத்திய கருவியால் பதிவுசெய்த காணொலிகளைப் பல இலட்சம் பேர் கண்டனர். பின்னர் ஆடி மகிழுந்து நிறுவனத்தின் விளம்பரப் படத்தில், பனியே இல்லாத புல்வெளியில் அவர் சறுக்கிச் சென்றார். போட்டிக்கு வெளியே எடுத்த காணொலிகளாலும் ஒரு வீரர் புரவலரைப் பெற முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

பரிசு பெற்ற பாணன், பெறாத பாணனை வள்ளலிடம் வழிப்படுத்துவது நம் ஆற்றுப்படை மரபு. இன்றோ வள்ளலே பாணனைத் தேடி வருகிறார். வழிகாட்டுவோர், பின்தொடரும் இலட்சக்கணக்கான மக்கள். எத்தனை பேர் பார்த்தனர், எவ்வளவு நேரம் பார்த்தனர், எத்தனை பேர் பகிர்ந்தனர் என்னும் எண்கள் வீரரின் தகுதிச் சான்றாகின்றன. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கடினமான பயிற்சி நாளைவிட, உயிரைப் பணயம் வைக்கும் ஒரு தாவல் மிகுதியாகப் பகிரப்படுகிறது. வெற்றிகரமாக முடிந்த தாவலே திரைக்கு வருகிறது. அதற்கு முன் விழுந்த விழுகைகளும் பனிச்சரிவு பற்றிய எச்சரிக்கைகளும் வெட்டப்படுகின்றன. பார்ப்பவர் அதை எளிதென்று எண்ணுகிறார்.

இந்தியரின் முயற்சி

மணாலியைச் சேர்ந்த சிவ கேசவன் 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் லூஜ் என்னும் சறுக்குவண்டிப் போட்டியில் பங்கேற்றவர். பயிற்சித் தடம் இல்லாத நிலையில், வண்டிக்குச் சக்கரம் பொருத்தி இமயமலைச் சாலையில் லாரிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் இடையே அவர் விரைந்த காணொலி உலகெங்கும் பரவியது. இணையத்தின் வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டியும் அவர் போட்டிகளுக்குச் சென்றார். காணொலியைக் கண்டு வியந்தோர், அவருக்குத் தடம் இல்லாமையைக் கண்டு நாணினரா என்பது வேறு வினா.

2018 ஆம் ஆண்டு சனவரியில் துருக்கியில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் ஆஞ்சல் தாக்கூர் வெண்கலம் வென்றார். பன்னாட்டுப் பனிச்சறுக்குப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் எனப் போற்றப்பட்ட அச்செய்தி, சமூக ஊடகத்தின் வழியாகவே நாடெங்கும் பரவியது. பிரதமரும் ட்விட்டரில் வாழ்த்தினார். 2022 ஆம் ஆண்டு பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கிய காசுமீரத்தின் ஆரிஃப் கான், பெருஞ்சரிவுப் பிரிவில் 45 ஆம் இடம் பெற்றார்.

அலையின்மீது

பனி இல்லாத தமிழகத்தில் அதற்கு இணையான சறுக்கு விளையாட்டுகள் கடற்கரையில் வளர்ந்தன. மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்துச் சிறுமி கமலி, வெறுங்காலுடன் சறுக்குப் பலகையில் பாயும் ஒளிப்படத்தைப் புகழ்பெற்ற அமெரிக்க வீரர் டோனி ஹாக் பகிர்ந்தார். ஒரே படம் அச்சிறுமியை உலகறியச் செய்தது. அவரைப் பற்றிய ‘கமலி’ என்னும் ஆவணப்படம் 2019 இல் வெளிவந்தது. பின்னர் அவர் அலைச்சறுக்கில் தேசியப் பட்டங்களையும் வென்றார். படம் கதவைத் திறந்தது உண்மை. ஆனால், நாள்தோறும் கடலில் இறங்கியவர் அவரே.

பகிரப்படாத பந்து

கடலூரின் கதை வேறு. 2004 ஆழிப்பேரலை தாக்கிய இக்கடற்கரை நகரில் பயிற்சியாளர் மாரியப்பன் பெண்களுக்குக் கால்பந்து கற்பித்தார். ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண்பிள்ளைகளும் அவரிடம் பயின்றனர். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டுக் கல்விக்கழக அணி 2017-18 இந்திய மகளிர் கால்பந்துத் தொடரில் ஆடியது. 2018 இல் கட்டாக் நகரில் நடந்த தேசிய மகளிர் கால்பந்து இறுதியாட்டத்தில், பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என வீழ்த்தி முதன்முறையாக வாகை சூடியது. 2023 இல் அமிர்தசரசில் அரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மீண்டும் பட்டம் பெற்றது.

இவ்வெற்றிகள் தோவேயின் ஒரு தாவலைப் போலப் பகிரப்படவில்லை. தொண்ணூறு நிமிட ஆட்டத்தின் பொறுமையான பந்துக் கடத்தலை முப்பது நொடியில் காட்ட இயலாது. பார்வை எண்ணிக்கை குறைந்தால் விளம்பர நிறுவனம் வருவதில்லை. அங்கு வீராங்கனைக்குப் புரவலராக நிற்பது பெரும்பாலும் அரசுப் பணி. கடலூரைச் சேர்ந்த இந்திய அணி வீராங்கனை இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது சென்னையில் முகக்கவசம் அணிந்து அவர் பணியாற்றிய செய்தி பரவலாகப் பகிரப்பட்டது. நடுக்களத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைவிடச் சாலையில் அவர் நின்ற காட்சியே பலருக்கு அவரை அறிமுகப்படுத்தியது.

விளம்பரம் எது, வீரரின் சொந்தக் கருத்து எது என்று பிரித்தறியும் பொறுப்பும் இன்று பார்ப்பவர்மீது விழுந்துள்ளது. பணம் பெற்று இடப்படும் பதிவுகளில் அதனை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என இந்திய விளம்பரத் தர மன்றம் 2021 இல் நெறிமுறை வகுத்தது.

தமிழ்நாடு அரசு 2023 இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு இணையத்தின் வழியே எவரும் நிதி வழங்கலாம். இங்கு உதவி கோரும் வீரர் தம் விளையாட்டுச் சாதனையைக் காட்டினால் போதும். பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் காட்ட வேண்டியதில்லை.