மோட்டார் சைக்கிளுக்குப் புதிய சங்கிலியும் பற்சக்கரங்களும்

நம் கிராமங்களில் மோட்டார் சைக்கிள் இன்று வெறும் பயண வண்டி மட்டுமன்று. விடியற்காலையில் பால் கேன்களைச் சங்கத்தில் சேர்ப்பதும், காய்கறி மூட்டைகளை உழவர் சந்தைக்குக் கொண்டு செல்வதும், உரத்தை வயலோரம் இறக்குவதும் அதுவே. இவ்வேலைகளில் எஞ்சினின் ஆற்றல் முழுவதையும் பின்சக்கரத்திற்குக் கொண்டு சேர்ப்பது ஒரு சங்கிலி. அது நடுவழியில் அறுந்தால் பால் கெடுவதோடு தீங்கு நிற்பதில்லை. அறுந்த சங்கிலி முன் பற்சக்கரத்தருகே சுருண்டு சிக்கினால், எஞ்சினின் கூடு உடையலாம். பின்சக்கரம் சட்டென்று நின்று வண்டி கவிழவும் கூடும். ஆதலின் இதனை உரிய காலத்தில், உரிய வகையில் மாற்றுதல் ஒவ்வொருவரும் அறிய வேண்டியதாகும்.

சங்கிலி நீள்வது எவ்வாறு?

இன்றைய உருளைச் சங்கிலியைச் சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு 1880-ஆம் ஆண்டில் உருவாக்கினார். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசியும், அதைச் சுற்றிப் புஷ்ஷும், அதன்மேல் சுழலும் உருளையும் உள்ளன. "சங்கிலி நீண்டுவிட்டது" என்கிறோமே, அது இரும்புத் தகடு இழுபட்டு நீண்டதன்று. ஊசியும் புஷ்ஷும் சிறிது சிறிதாகத் தேய, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடுகிறது. அவ்வாறு கூடிய சங்கிலி பற்களின் அடியில் அமராமல் நுனியை நோக்கி ஏறுகிறது. பற்களும் கொக்கிபோல் வளைந்து தேய்கின்றன. வயல்வரப்புச் சேறும் மணலும் எண்ணெயுடன் கலந்து அரைப்பதால் நம் ஊர் வண்டிகளில் இத்தேய்வு விரைவாக நிகழ்கிறது.

மாற்றும் காலம்

இதனை அறிய ஓர் இரும்பு அளவுகோல் போதும். எஞ்சினை நிறுத்தி, சங்கிலி மூடியைக் கழற்றி, சங்கிலியை விறைப்பாகப் பிடித்துக்கொள்க. ஓர் ஊசியின் நடுவிலிருந்து, அதனையும் சேர்த்து எண்ணி, 21-ஆவது ஊசியின் நடுவரை அளந்திடுக. அரை அங்குலக் கண்ணியுள்ள புதுச் சங்கிலியில் இது 254 மி.மீ. இருக்கும். 259 மி.மீ. அளவை எட்டினால் மாற்றுவதே முறை. வண்டியின் கையேட்டில் வேறு வரம்பு இருப்பின் அதனையே பின்பற்றுக. தேய்வு எங்கும் ஒரே சீராய் இராது. ஆகவே மூன்று நான்கு இடங்களில் அளத்தல் நன்று. பின் பற்சக்கரத்தின் பின்கோடியில் சங்கிலியை வெளியே இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரியுமாயின், அதுவும் மாற்றும் காலம் வந்ததற்கு அடையாளமே.

எண்ணின் பொருள்

100 முதல் 150 சி.சி. வரையுள்ள வண்டிகள் பலவற்றில் 428 என்னும் சங்கிலி உள்ளது. முதல் இலக்கமாகிய 4 என்பது, கண்ணி இடைவெளி எட்டில் நான்கு பங்கு அங்குலம், அதாவது 12.7 மி.மீ. என்பதைக் குறிக்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் உள் அகலத்தைக் குறிக்கும். 428-இன் உள் அகலம் 5/16 அங்குலம். 420-இன் உள் அகலம் கால் அங்குலமே. இடைவெளி ஒன்றாயிருப்பினும் ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. எண்ணுக்குப் பின் "எச்" என்று இருந்தால் தகடு தடித்தது என்று பொருள். சுமை ஏற்றுவோர்க்கு அது ஏற்றது. ரப்பர் வளையமிட்ட சங்கிலியில் மசகு உள்ளேயே அடைபட்டிருப்பதால் நெடுநாள் உழைக்கும். ஆயின் அதன் விலையும் அகலமும் கூடுதல். மூடியில் உரசாதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

மூன்றையும் சேர்த்தே மாற்றுக

செலவைக் குறைக்கக் கருதிச் சங்கிலியை மட்டும் மாற்றுவோர் உளர். தேய்ந்த பற்களில் ஓடும் புதுச் சங்கிலி விரைவில் தேயும். சில மாதங்களில் இரண்டாம் செலவு வந்து சேரும். கடைகளில் "செயின் செட்" என்று கேட்டால் சங்கிலியும் இரு பற்சக்கரங்களும் சேர்ந்தே கிடைக்கும். நம் மாநிலத்து நிறுவனங்களின் ரோலான், டயமண்ட் முதலியவற்றோடு வண்டி நிறுவனங்களின் பொருள்களும் உள்ளன. எதுவாயினும் கண்ணியில் பொறித்த எண்ணைப் பார்த்து, ரசீது பெற்று வாங்குக. பெயர் பொறிக்காத மலிவுச் சரக்கு இறுதியில் மலிவாயிராது.

பற்களின் எண்ணிக்கை

பழையவற்றின் பற்களை எண்ணி, அதே எண்ணிக்கையில் வாங்குதல் பொது விதி. முன்னே 14, பின்னே 42 பற்கள் எனில் விகிதம் 3. முன்னே 13 ஆக்கினால் அது 3.23 ஆகும். இழுவை கூடும், ஆனால் எஞ்சின் அதே சுழற்சியில் ஓட, வேகம் நூற்றுக்கு ஏழு பங்கு குறையும். சாலையில் எரிபொருள் செலவு கூடக்கூடும். சிறிய பற்சக்கரத்தில் சங்கிலி அதிகமாக மடங்குவதால் தேய்வும் மிகும். மேட்டுநிலத்தில் நாள்தோறும் சுமை ஏற்றுவோர்க்கன்றி ஏனையோர்க்கு இம்மாற்றம் வேண்டுவதில்லை.

பூட்டும்போது

சங்கிலி இணைப்பான "லாக்"கின் கிளிப்பில் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும். மாறிப் பூட்டினால் அது எதிலேனும் தட்டிக் கழன்றுவிடலாம். பின்சக்கரத்தின் இருபக்கக் குறிகளும் ஒத்திருக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, சங்கிலி மிக இறுக்கமாயுள்ள இடத்தில் தளர்வை அளக்க வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றில் இது 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும். பின்னர்ச் சுமார் 500 கி.மீ.க்கு ஒரு முறையும், மழையில் நனைந்த பின்னரும் துடைத்து எண்ணெய் இடுக. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் இடுதல் கூடவே கூடாது. விரல் இழந்தோர் உண்டு. மூடியையும் சேலைக் காப்பையும் மீண்டும் பூட்டாமல் வண்டியை எடுக்கலாகாது.

ஊராட்சிகள் செய்யக்கூடியது

ஓர் அளவுகோலையும், மேற்கண்ட அளவுகளை எழுதிய ஒரு பலகையையும் ஊராட்சி அலுவலகத்தில் வைத்தல் பெருஞ்செலவன்று. தொழிற்பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர் ஒருவரைக்கொண்டு, மழைக்காலத்திற்கு முன் ஒரு நாள் ஊர் வண்டிகளைச் சோதிக்கச் செய்யலாம். ஐந்து மி.மீ. தேய்வை முன்னதாகக் கண்டுகொள்ளும் ஊரில், நடுவழியில் நிற்கும் பால் வண்டிகள் குறையும். பின்னிருக்கையில் குழந்தையுடன் செல்லும் தாய்மாரும் அச்சமின்றிச் செல்வர்.