எந்த வருடத்துக் கார் இது?

2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ ஏலத்துக்கு வந்தது. போன விலை 4 கோடியே 84 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 340 கோடி ரூபாய். சாஸி எண் 3413. ஏலப் பட்டியலில் குறிப்பிட்டிருந்த வருடம் 1962. ஆனால் காரைச் சுற்றிவந்து பார்த்தவர்கள் கண்ணில் பட்டது 1964ஆம் வருடத்து உருவம்.

இதில் மோசடி ஏதுமில்லை. 1962இல் தயாரான அந்தக் கார் இத்தாலியப் பந்தயங்களில் ஓடி வெற்றிகளைக் குவித்தது. இரண்டு வருடத்தில் அதன் கூடு பழசாகிவிட்டது. மோடெனாவிலுள்ள ஸ்காலியெட்டி பட்டறை அதைக் கழற்றிவிட்டு, தாழ்வான, அகன்ற புதுக் கூட்டை மாட்டியது. அதே 1964இல் சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் அதை ஓட்டியவர்களில் ஒருவர் கொராடோ ஃபெர்லைனோ. பின்னாளில் மரடோனாவை நேப்பிள்ஸ் கால்பந்து அணிக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். கூடு மாறினாலும் சாஸி மாறவில்லை. பிறந்த வருடத்தைச் சொல்வது சாஸிதான் என்பது சேகரிப்பாளர்களின் வேதம். மொத்தம் 36 ஜிடிஓக்களே தயாராயின. அவற்றில் பழைய கார்கள் நான்கு இப்படி மறுபிறவி எடுத்தன.

அன்றைய ஃபெராரியின் எண்களில் இன்னொரு சூட்சுமம் உண்டு. சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை, பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை. பந்தயத்துக்காகவே பிறந்த ஜிடிஓவோ ஒற்றைப்படை எண்ணைச் சுமக்கிறது. காகிதத்தில் அது சாலைக் காரின் வாரிசு!

எண்ணைச் சுரண்டி அழித்து வேறு எண்ணைப் பொறிப்பது பெரிய வித்தையல்ல. ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கொண்டாடிய கதைகளும் உண்டு. அதனால்தான் மாரனெல்லோவில் ஃபெராரியின் க்ளாசிக்கே பிரிவு, சாஸி, எஞ்சின், கியர்பாக்ஸ் எண்களைத் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சான்றிதழ் தருகிறது.

கோடீஸ்வரர்களுக்கு மட்டுமான தலைவலி இது என்று நினைக்க வேண்டாம். ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் வைத்திருக்கும் சாதாரண உரிமையாளருக்கும் இதே குழப்பம்தான். பதிவுப் புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் முதல் பதிவு நடந்த வருடம். இலையுதிர் காலத்தில் தயாராகி, கப்பலேறி, அமெரிக்க ஷோரூமில் மாதக்கணக்கில் தூங்கிய கார் அடுத்த வருடத்துக் காராகவே வீதிக்கு வரும். இத்தாலியில் 30 வருடம் நிறைந்த வாகனத்துக்கு வரி விலக்கு உண்டு. வேறு ஆதாரம் இல்லாதவரை முதல் பதிவு வருடத்தையே தயாரிப்பு வருடமாகக் கொள்வது என்கிறது 2000ஆம் வருடத்துச் சட்டம். நிரூபிக்கும் பாரம் உரிமையாளர் தலையில். அந்த ஒரு வருடத்தில் வரிப் பணமே அடங்கியிருக்கிறது.

முதலில் உதவுவது கண். 1966இல் வந்த ஸ்பைடரின் வால் உருண்டு நீண்டிருக்கும்; 1970 வாக்கில் அதை வெட்டி மொட்டையாக்கிவிட்டார்கள். பிறகு உதிரிப் பாகங்கள். கண்ணாடியின் மூலையிலும் சக்கரத்தின் உட்புறத்திலும் தேதிக் குறியீடுகள் ஒளிந்திருக்கும். நான்கைந்து பாகங்கள் ஒரே பருவத்தைச் சுட்டினால் கார் அதற்குச் சற்றுப் பிந்தியது எனலாம். ஒரு கண்ணாடியை மட்டும் நம்பினால் ஆபத்து. எப்போதோ தெறித்த கல்லால் உடைந்து, புதிதாக மாட்டியதாக இருக்கலாம்.

கடைசிப் புகலிடம் மிலான் அருகே ஆரெஸேயிலுள்ள ஆல்ஃபாவின் ஆவண மையம். சாஸி எண்ணைக் கொடுத்தால் தயாரிப்புத் தேதி, விற்பனைத் தேதி, அனுப்பிய ஊர் எல்லாம் சான்றிதழாக வரும். கூடவே முதலில் அடித்த வண்ணமும். சிவப்புக் காரின் உரிமையாளருக்கு அதில் வெள்ளை என்று எழுதியிருப்பதைப் படிக்கும் பாக்கியமும் சில சமயம் வாய்க்கும்.