ராணுவம் ஏன் தயங்கியது? தென் கொரியாவின் 45 ஆண்டு பாடம்

2024 டிசம்பர் 3, இரவு 10.30 மணி இருக்கும். தென் கொரிய அதிபர் யூன் சுக் யோல் திடீரென்று டிவியில் தோன்றி, நாட்டில் ராணுவச் சட்டம் அமல் என்று அறிவித்தார். சற்று நேரத்தில் சியோலில் உள்ள நாடாளுமன்ற வளாகத்தில் ஹெலிகாப்டர்கள் வந்து இறங்கின. வீரர்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்தார்கள்.

ஆனால், நள்ளிரவு 1 மணியளவில் கதை மாறியது. சிலர் சுவர் ஏறிக் குதித்தெல்லாம் உள்ளே வந்து சேர்ந்த 190 எம்.பி.க்கள், ராணுவச் சட்டத்தை விலக்கக் கோரி வாக்களித்தார்கள். எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. விடிவதற்குள் அதிபர் பின்வாங்கினார். ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை.

2025 ஏப்ரல் 4-ல் அரசியல் சாசன நீதிமன்றம் 8-0 என்ற கணக்கில் யூனைப் பதவி நீக்கம் செய்தது. அந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நாடாளுமன்றம் அவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்க முடிந்ததற்கு, மக்களின் எதிர்ப்பு ஒரு காரணம். ராணுவமும் போலீஸும் உத்தரவை முனைப்பு காட்டாமல் நிறைவேற்றியது இன்னொரு காரணம் என்றது நீதிமன்றம்.

இதே நாட்டின் ராணுவம்தான் 1980-ல் குவாங்ஜு நகரில் சொந்த மக்களையே சுட்டது. இடையில் என்ன மாறியது?

அன்று என்ன நடந்தது?

1961-ல் ஜெனரல் பார்க் சுங்-ஹீ ஆட்சியைப் பிடித்ததிலிருந்து கொரிய அரசியலில் ராணுவத்தின் கைதான் ஓங்கியிருந்தது. 1979 அக்டோபரில் அவர் கொல்லப்பட்ட பிறகு, டிசம்பர் 12 இரவு, ராணுவ உளவுப் பிரிவின் தலைவர் சுன் டூ-ஹ்வான் ராணுவத் தளபதியையே கைது செய்து படையைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். அடுத்த மே மாதம் குவாங்ஜுவில் ஜனநாயகம் கேட்டுத் திரண்ட மக்கள் மீது சிறப்புப் படை ஏவப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சுன்னின் பலம் அவருடைய பதவி மட்டுமல்ல; 'ஹனாஹோ' என்ற ரகசியக் குழுவும்தான். ராணுவ அகாடமியில் ஒன்றாகப் படித்தவர்கள் ஆரம்பித்த குழு அது. நல்ல போஸ்டிங், பதவி உயர்வு எல்லாம் உள்ளுக்குள்ளேயே பங்கு போடப்பட்டன. விசுவாசம் நாட்டுக்கு அல்ல, 'நம்ம ஆளு'க்கு!

சரி, எப்படி மாற்றினார்கள்?

மூன்று வேலைகள் நடந்தன.

1. சட்டம்: 1987 மக்கள் போராட்டத்துக்குப் பிறகு வந்த புதிய அரசியல் சாசனம், ராணுவம் அரசியலில் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. மொத்த எம்.பி.க்களில் பாதிக்கு மேல் கேட்டால், அதிபர் ராணுவச் சட்டத்தை விலக்கியே ஆக வேண்டும் என்கிறது அதன் 77-வது பிரிவு. அதன்படி, 300 பேர் கொண்ட அவையில் 151 ஓட்டு போதும். 2024-ல் நாட்டைக் காப்பாற்றியது இந்தப் பிரிவுதான்.

2. ஆட்கள்: 1993 பிப்ரவரியில் அதிபரான கிம் யங்-சாம், 30 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் சிவிலியன் அதிபர். பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 8-ம் தேதி ராணுவத் தளபதியையும் ராணுவ உளவுப் பிரிவின் தலைவரையும் ஒரே நாளில் நீக்கினார். யாரும் சுதாரிப்பதற்குள் ஹனாஹோ ஆட்கள் வரிசையாக முக்கியப் பொறுப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

3. தண்டனை: 1995 ஜூலையில், வெற்றி பெற்ற ஆட்சிக் கவிழ்ப்பைத் தண்டிக்க முடியாது என்று கைவிரித்தது அரசுத் தரப்பு. மக்கள் கொந்தளித்தார்கள். அந்த ஆண்டே தனிச் சட்டம் வந்தது. சுன்னுக்கு முதலில் மரண தண்டனை. மேல்முறையீட்டில் அது ஆயுள் தண்டனையானது. அவருக்குப் பின் அதிபரான கூட்டாளி ரோ டே-வூவுக்கு 17 ஆண்டு சிறை. 1997 டிசம்பரில் இருவரும் பொது மன்னிப்பில் வெளியே வந்துவிட்டார்கள். ஆனால், ஜெயித்தாலும் குற்றம் குற்றமே என்பதை உச்ச நீதிமன்றம் பதிவு செய்துவிட்டது. அடுத்த தலைமுறை அதிகாரிகளுக்கு அது போதுமான எச்சரிக்கை.

அப்புறம் ஏன் 2024?

ஏனென்றால், இரண்டு ஓட்டைகள் அடைக்கப்படாமலே இருந்தன.

ஒன்று, பாதுகாப்புத் துறை அமைச்சர் பதவி. பணியில் இருக்கும் ராணுவ அதிகாரி அமைச்சராக முடியாது என்கிறது சாசனம். ஓய்வு பெற்றவர் ஆகலாம். அதனால் 1961-க்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த எல்லோருமே ராணுவத்திலிருந்து வந்தவர்கள்தான். சீருடை மாறியது, ஆள் மாறவில்லை.

இரண்டாவது, ராணுவ உளவுப் பிரிவு. பொதுமக்களை வேவு பார்த்தது அம்பலமானதால் 1991-ல் அதன் பெயர் மாற்றப்பட்டது. 2018-ல் மறுபடியும் சர்ச்சை, மறுபடியும் புதுப் பெயர். 2022-ல் இன்னொரு பெயர். போர்டு மாறியதே தவிர, அதிகாரம் பெரிதாகக் குறையவில்லை. 2024-ல் அமைச்சர், உளவுப் பிரிவுத் தலைவர், அதிபர் மூவருமே ஒரே பள்ளியின் முன்னாள் மாணவர்கள். ஹனாஹோவின் வாசம் அடிக்கிறதல்லவா?

யாருக்குக் கீழ்ப்படிவது?

1979-ல் ஆபத்து ராணுவத்திடமிருந்து வந்தது. 2024-ல் வந்ததோ, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சிவிலியன் அதிபரிடமிருந்து. ராணுவம் அரசுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதுதானே ஜனநாயகம்? அந்த அரசே தப்பான உத்தரவு போட்டால்?

தலைநகரப் பாதுகாப்புப் படையின் கர்னல் சோ சங்-ஹியூன் நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியம் இங்கே முக்கியம். எம்.பி.க்களை வெளியே இழுத்து வரும்படி தனக்கு உத்தரவு வந்தது என்றார் அவர். பின்னால் வந்துகொண்டிருந்த படையிடம், சியோலின் சொகாங் பாலத்தைத் தாண்டி வர வேண்டாம் என்று சொல்லி நிறுத்தியதையும் விவரித்தார். அப்படி எந்த உத்தரவும் போடவில்லை என்று யூன் மறுத்தார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

நல்லவேளை, அந்த இடத்தில் அப்படி ஓர் அதிகாரி இருந்தார். ஆனால் ஒரு நாட்டின் ஜனநாயகம் 'நல்லவேளை'யை நம்பி இருக்க முடியாது. அதே நேரத்தில், எந்த உத்தரவு சரி, எது தப்பு என்று ஒவ்வொரு அதிகாரியும் தானே முடிவு செய்ய ஆரம்பித்தால் அதுவும் ஆபத்து. 1979-ல் சுன் செய்ததும் தன் இஷ்டத்துக்கு முடிவெடுத்ததுதான். அதனால்தான் கோட்டை எங்கே போடுவது என்பதைச் சட்டமே தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது என்ன மாறுகிறது?

2025 ஜூனில் அதிபரான லீ ஜே மியங், ராணுவப் பின்னணி இல்லாத எம்.பி. ஆன் க்யூ-பேக்கைப் பாதுகாப்புத் துறை அமைச்சராக்கினார். 64 ஆண்டுகளில் முதல் முறை. செப்டம்பரில் நான்கு நட்சத்திர ஜெனரல்கள் ஏழு பேரும் மொத்தமாக மாற்றப்பட்டனர். ராணுவச் சட்டம் அமலில் இருந்தாலும், சபாநாயகர் அனுமதி இல்லாமல் ராணுவமோ போலீஸோ நாடாளுமன்றத்துக்குள் நுழையக் கூடாது என்று ஜூலையில் சட்டத் திருத்தம் நிறைவேறியது. உளவுப் பிரிவைக் கலைத்து, அதன் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கவும், சட்டவிரோத உத்தரவை மறுக்கும் வீரருக்குச் சட்டப் பாதுகாப்பு தரவும் 2025-ல் அரசு பேசி வந்தது.

இதில் அரசியல்வாதிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ராணுவம் அரசியலுக்குள் வரக் கூடாது என்றால், அரசியலும் ராணுவத்துக்குள் போகக் கூடாது. வேண்டியவர், பள்ளித் தோழர் என்று பார்த்துத் தளபதிகளை நியமிக்கும்போதே அடுத்த ஹனாஹோவுக்கு விதை போட்டாகிவிட்டது. ஆட்சி மாறினாலும் நியமன முறை மாறாமல் இருக்கிறதா என்பதில்தான் லீ அரசுக்கான தேர்வும் இருக்கிறது. முந்தைய அதிபரின் ஆட்களை நீக்குவது சுலபம். தனக்கென்று ஆள் வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் கஷ்டம்.