முக்கோணத்தின் நிறமும் புற்றுநோய் வகுப்பும்

பெரம்பலூர்ப் பருத்திக்கு மருந்தடிப்போரும், உடையார்பாளையம் பகுதியில் நூலுக்குச் சாயமேற்றுவோரும் இரசாயனங்களோடு பழகுபவர்கள். மருந்து டப்பாவின் முக்கோணம் பச்சையாயிருப்பின் அச்சமில்லை என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் அந்நிறங்கள் உடனடி நஞ்சின் கடுமையை மட்டுமே அறிவிப்பன; ஆண்டுகள் கழித்து வரும் புற்றுநோயைப் பற்றி அவை ஒன்றும் கூறா.

அதனை ஆராய்ந்து வகுப்பது, உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்து 1965-இல் அமைக்கப்பெற்ற சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம். புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை வகுப்பு 1. பெரும்பாலும் உண்டாக்குபவை 2ஏ. உண்டாக்கக்கூடும் என ஐயுறத்தக்கவை 2பி. முடிவு கூறச் சான்று போதாதவை 3. மாலத்தியானும் களைக்கொல்லியான கிளைபோசேட்டும் 2015-இல் 2ஏ வகுப்பில் வைக்கப்பட்டன. பென்சிடினும், உடலுள் பென்சிடினாக மாறும் சாயங்களும் வகுப்பு 1. அத்தகைய சாயங்களை நம் அரசு 1990-களில் தடைசெய்தது. புகையிலையும் பாக்கும் அதே வகுப்பினவே.

இவ்வகுப்பு சான்றின் வலிமையைக் காட்டுவதேயன்றி, ஆபத்தின் அளவைக் காட்டுவதன்று. ஆபத்தோ, உடலிற் படும் அளவையும் காலத்தையும் பொறுத்தது. அவற்றைக் குறைப்பது பெரிதும் நம் கையில் உள்ளது. கையுறையும் முகமூடியும் அணிவோம். காற்றை எதிர்த்து மருந்தடியோம். சாயத்தொட்டியில் வெறுங்கையை இடோம். சங்கத்திற்குச் சாயம் வாங்கும்போது, தடைசெய்யப்பட்டதன்று என்னும் சான்றிதழையும் கேட்டுப் பெறுவோமாக.