பதிவேட்டில் எத்தனை பேர், பணியில் எத்தனை பேர்?

ஆயிரம் பேருக்கு எத்தனை செவிலியர்? ஒரு நாட்டின் மருத்துவ வசதியை எடைபோட உதவும் கேள்வி இது. விடை தேடும்போது பதிவு பெற்ற அனைவரையும் கூட்டிவிடக் கூடாது. ஓய்வு பெற்றவர், வெளிநாடு போனவர், தொழிலை விட்டவர் ஆகியோரின் பெயர்களும் பதிவேட்டில் நீடிக்கலாம். நோயாளிக்குப் பயன்படுபவர் பணியில் இருப்பவர் மட்டுமே.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி, 2023இல் உலகில் 2.98 கோடி செவிலியர் இருந்தனர். பற்றாக்குறை 58 லட்சம். இருப்பவர்களும் சமமாகப் பரவியிருக்கவில்லை. உலக மக்களில் 49 சதவீதம் பேர் வாழும் நாடுகளிலேயே 78 சதவீதச் செவிலியர் குவிந்திருக்கிறார்கள். வளமான நாடுகளில் பணியாற்றும் செவிலியரில் 23 சதவீதம் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். கேரளமும் பிலிப்பைன்ஸும் பயிற்சி கொடுத்து அனுப்பியவர்கள் வளைகுடாவிலும் பிரிட்டனிலும் வார்டுகளைத் தாங்கி நிற்கிறார்கள்.

பற்றாக்குறை உயிரைப் பறிக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழு செய்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளிகள் மருத்துவமனையில் சேர்ந்த 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்ந்திருந்தது. கலிபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி, ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளிதான் என்ற வரம்பை 2004இல் நடைமுறைப்படுத்தியது.

புதிய மருத்துவமனை திறக்கும்போது எத்தனை படுக்கை என்று கேட்கும் மக்கள், ஒவ்வொரு ஷிப்டுக்கும் எத்தனை செவிலியர் என்றும் கேட்க வேண்டும்.