முதுமையும் வாகனமும்

மாட்டு வண்டியில் சந்தைக்குச் சென்று திரும்பும் குடியானவர் வழியிற் கண்ணயர்ந்துவிட்டாலும், பழகிய காளைகள் அவரை வீட்டு வாசலிற் கொண்டுவந்து நிறுத்திவிடும். நம் அங்கத்தினர்களுள் மூத்தவர்கள் இதனை நேரிற் கண்டிருப்பார்கள். இயந்திர வண்டிக்கு அவ்வறிவு கிடையாது. ஓட்டுபவரின் கண்ணும் காதும் கையும் எவ்வளவோ, அவ்வளவே அதன் பாதுகாப்பு.

1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி வெளிவந்தது. பால் கேன், புல்லுக்கட்டு, உர மூட்டை, நூல், நெய்து முடித்த சேலைக்கட்டு ஆகிய எதனையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பாதையிலும் செல்லக்கூடியதாக அதுவும் அதன் வழிவந்த வண்டிகளும் இருந்தமையால், உழவரும் நெசவாளரும் அவற்றை விரும்பி வாங்கினர். அன்று முப்பது வயதில் அதனை வாங்கியவர் இன்று எழுபத்தைந்தைத் தொட்டிருக்கிறார். மோட்டார் வண்டியிலேயே நடுவயதைக் கழித்து, அதிலேயே முதுமையையும் அடைந்த முதல் தலைமுறை நம் கிராமங்களில் இதுவேயாகும். ஏர் பிடிப்பதை மகனிடம் எப்போது விடுவது, தறிக்குழியை விட்டு எப்போது எழுவது என்பதற்கெல்லாம் நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை எப்போது விடுவது என்பதற்கு இன்னும் வழக்கம் ஏற்படவில்லை. ஆகவேதான் அது பல வீடுகளிற் சண்டையில் முடிகிறது.

பழனிக்கு மேற்கே நெய்க்காரப்பட்டி வட்டாரத்தில் தணிக்கைப் பணிக்காக நாம் சென்றிருந்த ஒரு மார்கழி விடியற்காலையில், எழுபதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் பனியினூடே பால் கேனுடன் வண்டியில் வந்து சேர்ந்தார். முன்விளக்குக் கண்ணாடி உடைந்திருந்தது. சக்கர மூடியில் புதுச் சிராய்ப்புகள் காணப்பட்டன. விசாரித்தபோது, இழை அறுந்தாற்கூடத் தமக்குத் தெரிகிறது என்றும், எதிரே வரும் லாரியின் வெளிச்சம் மாத்திரம் கண்ணைக் கட்டிவிடுகிறது என்றும் கூறினார். அடுத்த முறை சென்றபோது அவரைக் காணவில்லை. மகன் சாவியை ஒளித்துவிட்டார் என்றும், அதன் பிறகு பெரியவர் சங்கத்துக்கும் வருவதில்லை, மகாசபைக்கும் வரவில்லை என்றும் செயலாளர் கூறினார். முப்பது ஆண்டுகளாக ஒரு கூட்டத்தையேனும் தவறவிடாதவர் அவர்.

தந்தை கூறியதும் மெய். மகன் அஞ்சியதும் மெய். முதுமையிற் கண்மணி சுருங்குகிறது, உள்ளிருக்கும் வில்லை மஞ்சளித்து மங்குகிறது. இருபது வயதில் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதில் அடைகிறது. பகலில் அருகிலுள்ள இழை தெரியும். இரவிற் சாலையோரம் நடப்பவர் தெரியார். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிச் சாலைகளில் இரவெல்லாம் பாதயாத்திரிகர் நிறைந்திருக்கும் இவ்வட்டாரத்தில் இது சிறிய விஷயமன்று. மேலும், கண்டதை உணர்ந்து பிரேக்கை அழுத்துவதற்குள் செல்லும் நேரமும் வயதோடு நீள்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி தாமதித்தால் வண்டி 11 மீட்டர், அதாவது 36 அடி, முன்னே சென்றுவிடும்.

எனினும் எல்லாக் குறையும் முதுமையின் கணக்கிற் சேர்ந்ததன்று. விளக்கொளி கண்ணைக் கூசச் செய்வதற்குக் கண்புரையே பெரும்பாலும் காரணம்; அது சிறு அறுவைச் சிகிச்சையால் நீங்கக் கூடியது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் மதுரையிற் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கிராமந்தோறும் முகாம் நடத்தி இச்சிகிச்சையை எளியோருக்கும் எட்டச் செய்தது. கண்ணைச் சோதிக்காமலே சாவியைப் பறிப்பது, பழுது பாராமலே தறியை விறகாக்குவது போன்றது. இதற்கு மாறாக, கண் அழுத்த நோய் வலியின்றிப் பக்கப் பார்வையைக் குறைத்துக்கொண்டே வரும். இழந்த பார்வை திரும்பாது. நோயாளியே அதனை உணரார். சளிக்கு உண்ணும் மாத்திரைகளிற் சில தூக்கத்தை உண்டாக்கும். நீரிழிவுக்கு மருந்துண்போர் வேளைக்கு உணவு கொள்ளாவிடில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அதிகாலையில் வெறும் வயிற்றுடன் பால் கொண்டுவரும் அன்பர்கள் இதனைத் தம் மருத்துவரிடம் அவசியம் கேட்டறிய வேண்டும். பழகிய ஊரிலே வழி தப்புவதும், எந்தக் கிளைச்சாலையில் திரும்புவது எனத் திகைத்து நிற்பதும் வேறு வகையைச் சேர்ந்தவை. இவை தோன்றினால் அன்றே வண்டியை நிறுத்திவிட்டு மருத்துவரை நாட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், சொந்த வண்டி ஓட்டுவதற்கு மேல்வயது வரம்பு கிடையாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 55 வயதைக் கடந்தவருக்கு ஐந்தைந்து ஆண்டுகளுக்கே உரிமம் அளிக்கப்படுகிறது. நாற்பதைக் கடந்தவர் புதுப்பிக்கும்போது 1-ஏ படிவத்தில் மருத்துவச் சான்று இணைக்க வேண்டும். விண்ணப்பதாரர் தாமே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியில், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலுள்ள காரின் எண் பலகை தெரிகிறதா என்றொரு கேள்வி உண்டு. பலர் அதனைப் படியாமலே கையெழுத்திட்டுவிடுகின்றனர். வீட்டு வாசலிலேயே 82 அடி அளந்து நின்று இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். பகலிலே தேறாதவர் இரவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

உரிமம் காலாவதியான நிலையில் விபத்து நேர்ந்தால், காப்பீட்டுக் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதனை வண்டியின் உடைமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க வழி உண்டு. 2004-இல் உச்ச நீதிமன்றம் சுவரண் சிங் வழக்கில் இதனை விளக்கியுள்ளது. வண்டி மகன் பெயரில் இருந்தால் பாரம் மகன் தலைமேல் விழலாம். பயிர்க் கடன் ஏட்டைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு, ஒரு குடும்பம் இத்தகைய சுமையைத் தாங்குமா என்பது தெரியும்.

இனி, இதை யார் சொல்வது, எவ்வாறு சொல்வது? சபையில், மருமகள் முன்னிலையில், விபத்து நேர்ந்த கோபத்தில் சொல்வது தவறு. "இனி ஓட்டக் கூடாது" என்ற சொல்லுக்கு முன், "இரவில் எப்படித் தெரிகிறது, அப்பா?" என்ற கேள்வி வர வேண்டும். மகன் ஒரு வாரம் பின் இருக்கையில் அமர்ந்து சென்று, குற்றம் கூறாமல் கவனிக்கலாம். பேரக்குழந்தையைத் தாத்தாவுடன் அனுப்பத் தாய் தயங்குகிறாளாயின், அத்தயக்கத்தையும் ஒரு சாட்சியாகக் கொள்ளலாம். உரிமம் புதுப்பிக்கும் நாளை முன்கூட்டியே குறித்து வைத்து, அன்று முடிவு செய்வோம் எனப் பேசிக்கொள்வது நல்லது. நாள் குறித்த காரியத்தில் அவமானம் குறைவு. நோயினால் ஓட்டத் தகுதியற்றவரின் உரிமத்தை அதிகாரியே ரத்துச் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அது வேறு வழியே இல்லாதபோது நாட வேண்டியது.

ஜப்பான் நாட்டில் 1998 முதல் முதியோர் தாமாகவே உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு உள்ளது. கொடுப்பவர் வேண்டினால், இத்தனை காலம் வண்டி ஓட்டியவர் என்று காட்டும் சான்றிதழ் பெறலாம். அதைக் காட்டினால் பல ஊர்களிற் பஸ், டாக்சிக் கட்டணத்திற் சலுகை உண்டு. 2019 ஏப்ரலில் டோக்கியோவில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் மோதி ஓர் இளந்தாயும் அவருடைய மூன்று வயதுப் பெண் குழந்தையும் மாண்டனர். நாடு துயருற்றது. அவ்வாண்டில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தனர். எனினும் பஸ் வசதியில்லாத கிராமத்து முதியோருக்கு அது எளிதாக இல்லை என்பதை அந்நாட்டாரே ஒப்புக்கொள்கின்றனர்.

நம் நிலையும் அதுவே. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளிற் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பாட்டிமார் இதனால் வண்டியை எதிர்பாராமல் செல்கின்றனர். தோட்டத்துச் சாளையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் பால் கேனைச் சுமப்பது யார் என்ற கேள்வி மாத்திரம் நிற்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு வேறு வழி காட்டாவிடில், பெரியவரின் பால் கணக்கையும் சேர்த்தே மூடுகிறோம். நாம் சங்கத்தார் செய்யக்கூடியது இங்கேதான் உள்ளது. ஒரே பாதையில் வரும் இளைய அங்கத்தினர் இரண்டு கேன் சேர்த்துக் கொண்டுவர ஏற்பாடு செய்யலாம். அவரவர் பாலைத் தனித்தனியே அளந்து பதிய வேண்டும் என்பது மாத்திரம் நிபந்தனை. நெசவாளர் சங்கத்தில் நூல் கொடுப்பதையும் துணி வாங்குவதையும் பகற்பொழுதிலேயே வைத்துக்கொள்ளலாம். மகாசபையை மாலையிற் கூட்டுவதால் வராமற்போகும் முதியவர் எத்தனை பேர் என்று நிர்வாகிகள் ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.

மேலே கூறிய பெரியவரின் மகன், செயலாளர் எடுத்துச் சொன்னதன்பேரில், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இருவரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர்: கண்புரைச் சிகிச்சை முதலில், பெருஞ்சாலையும் இருட்டும் வேண்டாம், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் பகலில் போகலாம். விடியற்காலைப் பாலை அண்டைத் தோட்டத்து இளைஞர் கொண்டுவந்தார். ஓராண்டு கழித்து உரிமம் முடியும் நாள் வந்தபோது, புதுப்பிக்க வேண்டாம் என்று பெரியவரே சொல்லிவிட்டாராம். சென்ற மகாசபைக்கு அவர் பேரனின் பின் இருக்கையில், பாஸ் புத்தகத்தை மடியிற் செருகிக்கொண்டு வந்திருந்தார். கரும்புக் கடன் தவணை பற்றி நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கு நம்மால் உடனே விடை கூற முடியவில்லை.