புத்தகத்தில் யார் பெயர்?

கொச்சிக்கடைப் பக்கம் உருண்டை விளக்கு வைத்த, பழைய வெஸ்பா சாயல் ஸ்கூட்டர்களில் பெண்களும் வேலைக்குப் போகிறார்கள். அந்தச் சாயலுக்குப் பின்னால் ஒரு யுத்தக் கதை உண்டு. இத்தாலியில் பொன்டெடேரா என்ற ஊரில் விமானம் செய்த பியாஜியோ தொழிற்சாலை இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சுக்கு இலக்காகிச் சிதைந்தது. அதே நிறுவனம்தான் 1946இல் வெஸ்பாவைக் கொண்டுவந்தது. வடிவமைத்த கொர்ராதீனோ தஸ்கானியோ விமானப் பொறியியலாளர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. அதனால்தான் காலைத் தூக்கிப் போடாமல் ஏறும் வண்டி நமக்குக் கிடைத்தது. சேலையோடும் ஓடலாம். (முந்தானையை இறுக்கிச் செருகுங்கள்!)

பெரிய மாக்சி ரகம் எடுப்புத்தான், ஆனால் பாரம். செட்டியார் தெரு நெரிசலில் இரு காலும் நிலத்தில் ஊன்றாவிட்டால் சின்னதே போதும்.

அழகை விடக் கடதாசி முக்கியம். லீசிங்கில் எடுத்தால் வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிதிக் கம்பனியின் பெயரே இருக்கும். தவணை முடிந்ததும் அதை நீக்குவிக்க வேண்டும். பழைய வண்டியென்றால் ‘ஓப்பன் பேப்பரில்’ வாங்கி ஓடாமல், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கே மாற்றுங்கள். "தம்பி பெயரில் இருக்கட்டுமே" என்பார்கள். தவணை கட்டுவது நீங்கள் அல்லவா? புத்தகத்தின் பிரதியொன்றை வேறோர் இடத்திலும் வையுங்கள். இடம்பெயர்ந்து கடதாசிகளைத் தொலைத்தவர்களுக்கு இதை நாம் சொல்லவும் வேண்டுமா?